எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

சீன தேசத்தில் ஏறக்குறைய 1,850 வருஷங்களுக்கு முன்பு மெங் மின் என்று ஒருவன் இருந்தான். ஒரு நாள் அவன் ஒரு மண் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வழியோடு போய்க்கொண்டிருந்தான். தானியத்தை ஆவியில் வேகவைப்பதற்காக அடியில் துளைகள் போட்ட பாத்திரம். நம் வீட்டு இட்லிப் பானைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது கை நழுவிக் கீழே விழுந்து சுக்கல் சுக்கலாக உடைந்தது. மெங் மின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடந்த நடை மாறாமல் போய்க்கொண்டே இருந்தான்.

இதைக் குவோ தை என்ற பெரியவர் பார்த்துவிட்டார். கி.பி. 128 முதல் 169 வரை வாழ்ந்தவர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடுவதில் பெயர் பெற்ற பண்டிதர். அவனை நிறுத்தி, ஏன் திரும்பியே பார்க்கவில்லை என்று விசாரித்தார். உடைந்ததுதான் உடைந்துவிட்டதே, பார்ப்பதால் என்ன ஆகப் போகிறது என்ற பாவனையில் அவன் பதில் சொன்னான். குவோ தை அசந்து போனார். இவ்வளவு சீக்கிரம் மனத்தைத் தேற்றிக்கொள்ளத் தெரிந்தவன் சாமான்யன் அல்ல என்று தீர்மானித்து, அவனைப் படிக்கும்படி தூண்டினார். பத்து வருஷத்தில் மெங் மின்னின் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. பெரிய பதவிகள் தேடி வந்தன. அவற்றையும் அவன் ஏற்கவில்லை. பின் ஹான் வம்சத்தின் சரித்திரத்தில் இது இடம் பெற்றிருக்கிறது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும்போதே நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. “உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவன் அவன். அன்று ராத்திரி எதில் சமைப்பது என்று தவித்தவள் யாரோ!”

நியாயமான கேள்வி. சரித்திரக்காரர் அதை எழுதி வைக்கவில்லை. ‘விட்டுவிடு, மேலே நட’ என்று உபதேசம் செய்பவர்கள் பெரும்பாலும் சில்லுகளைப் பெருக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள். ஆகையால் இந்த வாரம் சீனப் பெரியோர்கள் சொன்னதை மட்டும் சொல்லி நிறுத்தப் போவதில்லை. அந்தப் பாடத்தைத் தன் வீட்டிலேயே, தன் கையாலேயே படித்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

★

முதலில் பெரியோர்கள்.

கி.மு. 239-ஐ ஒட்டி லூ பூவெய் என்ற மந்திரி அறிஞர்களைக் கூட்டி வைத்து ஒரு பெரிய நூலைத் தொகுத்தார். அதில் ஒரு வேடிக்கைக் கதை வருகிறது. ஒருவன் படகில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான். அவனுடைய வாள் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. சட்டென்று அவன் படகின் ஓரத்தில் ஓர் அடையாளம் செதுக்கிக்கொண்டான். படகு கரை சேர்ந்ததும், அடையாளம் போட்ட இடத்துக்கு நேரே தண்ணீரில் இறங்கித் தேட ஆரம்பித்தான்!

சிரிக்கிறோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் நம்மில் பலருடைய படகுகளிலும் இப்படிப்பட்ட கீறல்கள் உண்டு. இருபது வருஷத்துக்கு முன் கல்யாணப் பந்தலில் நாத்தனார் சொன்ன ஒரு சொல். பாகப் பிரிவினையில் கை மாறிப் போன ஓர் அட்டிகை. சொன்னவளும் மாறிவிட்டாள், கேட்டவளும் மாறிவிட்டாள். குடும்பப் படகு எத்தனையோ துறைகளைத் தாண்டி வந்துவிட்டது. நாம் மட்டும் பழைய கீறலுக்கு நேரே இறங்கித் துழாவிக்கொண்டிருக்கிறோம்.

அதே நூலில் இன்னொரு கதை. சூ நாட்டான் ஒருவன் தன் வில்லைத் தொலைத்துவிட்டான். (வேறு நூல்களில் தொலைத்தவன் அந்த நாட்டு அரசனே என்று சொல்கிறார்கள்.) அவன் தேடவில்லை. சூ நாட்டான் தொலைத்ததை இன்னொரு சூ நாட்டான்தானே எடுப்பான், நாட்டுச் சொத்து நாட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றானாம். இது கன்பூஷியஸ் காதுக்கு எட்டியது. பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ‘சூ நாட்டான்’ என்பதை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாயிருக்கும் என்றார் அவர். மனிதன் தொலைத்தான், மனிதன் எடுத்தான்; அவ்வளவுதானே? பிறகு லாவோட்ஸே கேட்டார். ‘மனிதன்’ என்பதையும் எடுத்துவிடலாமே என்றார். தொலைந்தது, கிடைத்தது. மண்ணில் இருந்த மரம், மண்ணில்தான் கிடக்கிறது.

பார்த்தீர்களா, ஒவ்வொருவரும் ஒரு வார்த்தையைக் கழித்துக்கொண்டே போகிறார்கள். நம்முடைய துக்கத்தில் பாதி, ‘என்னுடைய’ என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது போலும்.

எல்லைப்புறத்துக் கிழவரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கி.மு. 139-ல் ஹான் வம்சத்துப் பேரரசர் வூவிடம் சமர்ப்பிக்கப்பட்ட ‘ஹுவாய்நான்ட்ஸூ’ என்ற நூலில் வருவது. கிழவரின் குதிரை ஓடிப்போயிற்று, அவர் அழவில்லை. அது நல்ல ஜாதிக் குதிரை ஒன்றைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது; அவர் குதிக்கவில்லை. மகன் சவாரி செய்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். அப்போதும் அவர் கலங்கவில்லை. பிறகு யுத்தம் வந்தது. எல்லைப்புறத்து வாலிபர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மாண்டார்கள். கால் ஊனத்தால் கிழவரின் மகன் மட்டும் பிழைத்தான். எது நல்லதற்கு, எது கெட்டதற்கு என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே என்பது இதன் சாரம்.

இவை எல்லாம் உயர்ந்த கருத்துக்கள். ஆனால் நிஜமாகவே சகலமும் போய்விட்ட ஒருத்திக்கு இவை உதவுமா?

★

லி சிங்சாவ் 1084-ஆம் ஆண்டு ஷான்துங் பிரதேசத்தில் பிறந்தவள். சீன மொழியின் தலைசிறந்த பெண் கவி என்று இன்றளவும் அவளைத்தான் சொல்கிறார்கள். புதன் கிரகத்தில் ஒரு பெரும் பள்ளத்துக்குக்கூட அவள் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் நமக்கு இப்போது வேண்டியது அவளுடைய கவிதை அல்ல, குடித்தனம்.

1101-ல் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவன் ஜாவ் மிங்செங் தலைநகரமான கைஃபெங்கில் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்: பழைய கல்வெட்டுப் படிகள், வெண்கலப் பாத்திரங்கள், புத்தகங்கள். மாதத்தில் இரண்டு நாள் அவனுக்கு விடுமுறை. அன்று துணிமணியை அடகு வைத்து ஐந்நூறு காசு புரட்டிக்கொண்டு கோயில் சந்தைக்குப் போவான். கல்வெட்டுப் படிகளும் கொஞ்சம் பழமும் வாங்கி வருவான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பழத்தைக் கடித்துக்கொண்டே சுருளைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

ஒரு சமயம் பெயர்பெற்ற பழைய ஓவியர் ஒருவரின் மலர்ச் சித்திரம் விலைக்கு வந்தது. இரண்டு லட்சம் காசு கேட்டார்கள். பணம் எங்கே இருக்கிறது? இரண்டு ராத்திரி வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் பல நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டார்களாம்.

பிறகு சொந்த ஊரான சிங்ஜோவில் பத்து வருஷ வாழ்க்கை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு விளையாட்டு. இன்ன விஷயம் எந்தப் புத்தகத்தில், எத்தனையாவது பாகத்தில், எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்குத்தான் முதலில் தேநீர். ஜயித்த சிரிப்பில் கிண்ணம் கவிழ்ந்து மடியில் கொட்டி, தேநீரே கிடைக்காமல் எழுந்திருப்பதும் உண்டு! புத்தகம் வாங்குவதற்காக அவள் தன் சாப்பாட்டில் இரண்டாவது மாமிசக் கறியை நிறுத்தினாள். உடுப்பில் பகட்டை நிறுத்தினாள். தலையில் முத்தோ ரத்தினமோ கிடையாது. வீட்டில் பொன் முலாம் பூசிய சாமான் ஒன்றும் கிடையாது. அப்படிச் சேர்ந்தது அந்தச் சேகரம்.

1126-ல் வடக்கேயிருந்து ஜின் படைகள் தலைநகரை நெருங்குவதாகச் செய்தி வந்தது. பெட்டி பெட்டியாக நிறைந்திருந்த சாமான்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கணவன் மனைவி இருவருக்கும் மனம் துணுக்குற்றது. இவை இனி நமக்கு இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

1127-ல் தெற்கே புறப்பட வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் எடுத்துப் போக முடியுமா? கனமான அச்சுப் புத்தகங்களை முதலில் கழித்தார்கள். பல சுருள் கொண்ட சித்திரங்களைக் கழித்தார்கள். எழுத்து இல்லாத பாத்திரங்களைக் கழித்தார்கள். மறுபடியும் ஒரு முறை கழித்தார்கள். அப்படியும் பதினைந்து வண்டி நிறைந்தது. மிச்சத்தைப் பத்துக்கு மேற்பட்ட அறைகளில் பூட்டி வைத்துவிட்டு, அடுத்த வசந்தத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் சிங்ஜோ விழுந்தது. அறைகள் அத்தனையும் சாம்பலாயின.

1129 கோடையில் கணவனுக்கு அரசரைப் பார்க்க அவசர அழைப்பு வந்தது. அவளைப் படகில் விட்டுவிட்டு அவன் தனியே குதிரை ஏறினான். படகிலிருந்து அவள் உரக்கக் கேட்டாள்: ஊருக்கு ஆபத்து வந்தால் நான் என்ன செய்வது? கரையிலிருந்து அவன் ஒரு வரிசை சொன்னான். எல்லாரும் போகும் வழியில் நீயும் போ. கட்டாயம் வந்தால் மூட்டை முடிச்சை முதலில் விடு. அப்புறம் துணியும் படுக்கையும். அப்புறம் புத்தகங்கள், சுருள்கள். அதற்கும் அப்புறம் பழைய பாத்திரங்கள். குலத்து வழிபாட்டுப் பாத்திரங்களை மட்டும் நீயே சுமந்துகொள். உன் உயிரோடு அவையும் இருக்கட்டும். சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டிவிட்டான்.

வெயிலில் ஓட்டமாகப் போனவன் நோயில் விழுந்தான். கடிதம் கிடைத்ததும் அவள் ஒரு பகல் ஒரு இரவில் 300 லி தூரம் படகில் விரைந்து வந்தாள். பிழைக்கவில்லை. குழந்தை இல்லை. அவளுக்கு வயது நாற்பத்தைந்து.

அதற்குப் பிறகு அந்தச் சேகரம் கரைந்த கதையை அவளே எழுதியிருக்கிறாள். இருபதாயிரம் புத்தகச் சுருள்களையும் இரண்டாயிரம் கல்வெட்டுப் படிகளையும் ஹோங்ஜோ என்ற ஊருக்குப் பத்திரமாக இருக்கட்டும் என்று அனுப்பினாள். அந்த ஊரும் எதிரி கையில் விழுந்தது. இறந்த கணவன் மீது ஒரு வீண் பழி கிளம்பியது. பகைவருக்கு அரும்பொருள் கொடுத்தான் என்று. பயந்துபோய், வெண்கலப் பாத்திரங்களை அரசாங்கத்துக்கே கொடுத்துவிடுவது என்று ஓர் ஊரில் ஒப்படைத்து வைத்தாள். கலகத்தை அடக்க வந்த சிப்பாய்கள் வாரிக்கொண்டு போனார்கள். ஒரு தளபதியின் வீட்டில் சேர்ந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டாள். கடைசியில் ஐந்தாறு கூடைகள் மிஞ்சின. அவற்றைத் தன் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தாள். ஓர் இரவு யாரோ சுவரில் கன்னம் வைத்து ஐந்து கூடைகளை எடுத்துப் போனார்கள். வெகுமதி தருவதாகச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அண்டை வீட்டுக்காரனே பதினெட்டுச் சுருள்களைக் கொண்டுவந்து நீட்டினான், வெகுமதி கேட்டு! திருடன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று புரிந்துகொண்டாள். எவ்வளவோ மன்றாடியும் மற்றவை வெளிவரவில்லை.

கவனித்தீர்களா? அவள் மெங் மின் அல்ல. திரும்பிப் பார்த்தாள். அழுதாள். ஆள் விட்டுத் தேடினாள். துண்டும் துக்காணியுமாக மிஞ்சிய இரண்டொரு புத்தகங்களைக் கண்ணைக் காப்பது போல் காத்தாள். இப்படியும் ஓர் அசட்டுத்தனமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இதற்கு நடுவில் 1132-ல், நோயும் தனிமையுமாக இருந்த சமயத்தில், ஜாங் ரூஜோ என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் அவளை அடித்தான். நூறு நாளுக்குள் அவனுடைய யோக்கியதை தெரிந்து போயிற்று. அவன் உத்தியோகம் பெற்றதில் செய்த மோசடியை அவளே அம்பலப்படுத்தினாள். கணவன் மேல் புகார் சொல்லும் மனைவிக்கு, புகார் நிஜமாக இருந்தாலும் இரண்டு வருஷச் சிறை என்பது அந்த நாளைய சட்டம். தெரிந்தே சொன்னாள். அவன் பதவி இழந்து நாடு கடத்தப்பட்டான். அவள் ஒன்பது நாள் சிறையில் இருந்துவிட்டு, ஓர் உறவினரின் முயற்சியால் வெளியே வந்தாள். பின்னால் வந்த சில பண்டிதர்கள், அவ்வளவு பெரிய கவி மறுமணம் செய்திருக்க மாட்டாள் என்று சாதித்தார்கள். இன்றைய ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் நடந்தது உண்மை என்றே சொல்கிறார்கள். எதை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

★

அப்படியானால் அவள் எதை வைத்துக்கொண்டாள்?

கணவன் ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தான். தாங்கள் சேர்த்த இரண்டாயிரம் கல்வெட்டு, பாத்திர எழுத்துக்களின் அட்டவணை. அவற்றில் 502-க்கு விளக்கக் குறிப்புகள். மொத்தம் முப்பது பகுதி. தினமும் சாயங்காலம் குமாஸ்தாக்கள் போன பிறகு உட்கார்ந்து இரண்டு சுருள்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றுக்குக் குறிப்பு எழுதுவான். ஒரு நாள் அவள் அந்தப் பிரதியைப் பிரித்தாள். செத்தவனையே நேரில் பார்த்தாற்போல் இருந்தது. கையெழுத்தின் மை புதிது போலவே இருந்தது. அவன் சமாதிமேல் நட்ட மரங்களோ அதற்குள் பெரிதாகிவிட்டன.

அதற்கு அவள் ஒரு பின்னுரை எழுதினாள். இதுவரை நான் சொன்ன தேநீர்ச் சிரிப்பு, பதினைந்து வண்டி, ஐந்து கூடை எல்லாம் அந்தப் பின்னுரையில் இருப்பவைதாம். முப்பத்து நான்கு வருஷத்துக் கணக்கை ஒளிக்காமல் எழுதிவிட்டு, முடிவில் அந்தப் பழைய வில்லை ஞாபகப்படுத்துகிறாள். சேர்வது பிரிவது உலக வழக்கம். ஒருவர் தொலைத்ததை ஒருவர் எடுக்கிறார். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்ற கருத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிக்கிறாள்.

அரண்மனையில் ஆயிரம் வில் வைத்திருப்பவன் ஒரு வில்லைப் பற்றி அப்படிப் பேசினால் அதற்குப் பெரிய விலை இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த கடைசிக் கூடையும் போன பிறகு ஒரு விதவை அதைச் சொல்லும்போதுதான் அந்த வாக்கியத்துக்கு எடை வருகிறது. அதுவும் அழுது முடித்து, தேடி ஓய்ந்து, கணக்கு எழுதிய பிறகு சொல்கிறாள். முதல் நாளே சொல்லவில்லை.

அவர்கள் சேர்த்த சாமான்கள் காற்றோடு போயின. அந்த அட்டவணை நூல் நிலைத்துவிட்டது. சுமார் தொள்ளாயிரம் வருஷம் கழித்தும், பழைய சீன எழுத்துக்களை ஆராய்பவர்கள் அதைப் புரட்டுகிறார்கள். படகுக் கரையில் கணவன் சொன்ன வரிசையில் அந்த நூலின் பெயரே இல்லை. காப்பாற்ற வேண்டியதில் தலையானது எது என்பதை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

★

துக்கத்தைச் சட்டென்று உதறிவிட வேண்டும் என்று சீன ஞானிகள் சொன்னதாகவும் எண்ண வேண்டாம். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவாங்ட்ஸூ, மனைவி இறந்த பிறகு பாத்திரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. துக்கம் விசாரிக்க வந்த சிநேகிதர் கோபித்துக்கொண்டார்: உன்னோடு வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, கிழவியாகி இறந்தவளுக்கு அழாமல் இருப்பதே தப்பு, பாட்டு வேறா? சுவாங்ட்ஸூ கொடுத்த பதிலின் முதல் பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவள் போன உடனே என் மனமும் எல்லாரையும்போல் துடிக்கத்தான் செய்தது என்கிறார். பிறகு யோசித்து, பருவங்கள் மாறி வருவது போலத்தான் இதுவும் என்று தெளிந்தாராம். ஞானிக்கே முதலில் அழுகை, பிறகுதான் தெளிவு. நமக்கு அந்த வரிசை மாற வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. சாவு வீட்டுக்குப் போய் மறுநாளே ‘மனசைத் தேற்றிக்கொள்’ என்று அதட்ட வேண்டாம்.

கடைசியாக ஒரு செய்தி. கி.மு. 278-ல் சூ நாட்டின் தலைநகரைச் சின் நாட்டார் பிடித்துக்கொண்டார்கள். ஜுவாங் சின் என்ற மந்திரி முன்னமேயே எச்சரித்திருந்தார், அரசன் கேட்கவில்லை. தலைநகர் போன பிறகு அவரை அழைத்து, இனி என்ன செய்வது என்று கேட்டான். ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று ஆரம்பிக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் அவர், ஆடு காணாமல் போன பிறகு பட்டியைச் சரி செய்தாலும் காலம் கடந்ததாகிவிடாது என்று பொருள்படப் பேசினார். மிச்ச ஆடுகள் இருக்கின்றன அல்லவா?

விடுவது என்பதற்குச் சீனர்கள் கொண்ட அர்த்தம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. போன ஆட்டின் கணக்கை ஒரு முறை ஒழுங்காக முடித்துவிடுவது. அப்புறம் இருக்கிற ஆடுகளுக்காக வேலியைக் கட்டுவது. அண்ணன் தம்பி பேச்சு நின்று போயிருந்தால், யார் முதலில் பேசினார்கள் என்ற கீறலைத் தேடாமல், அவர்களுடைய பிள்ளைகளாவது ஒரே இலையில் சாப்பிட வழி உண்டா என்று பார்ப்பது. பரீட்சையில் தவறிய மகனிடம் போன வருஷத்தைப் பற்றி ஒரு தரம் பேசி முடித்துவிட்டு, வருகிற வருஷத்தைப் பற்றி நூறு தரம் பேசுவது.

இந்த வாரம் உங்கள் வீட்டில் ஏதாவது கை நழுவி உடைந்தால், ஒரு நிமிஷம் வருத்தப்படுங்கள். பிறகு சில்லுகளை நன்றாகப் பெருக்கி வாரிவிடுங்கள். குழந்தைகள் வெறுங்காலோடு நடப்பார்கள். மெங் மின்னுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகு, ராத்திரிக்கு எந்தப் பாத்திரத்தில் சமைக்கலாம் என்று பாருங்கள்.